2020ல் காசநோய் குறைந்ததா?

குமராட்சி பக்கத்தில் எனக்குப் பெரியப்பா முறை ஒருவர் இருக்கிறார். 2020 ஜூனில் அவருக்கு இருமல் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு போனில் சொன்னேன். "இருமல்னு போய் நின்னா கொரோனான்னு புடிச்சி வச்சுக்குவாங்க தம்பி, வாசல்ல நோட்டீஸ் ஒட்டிடுவாங்க" என்றார். பயத்துக்குக் காரணம் இருந்தது. கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து ஊர் திரும்பியவர்களிடம் தொற்று தெரியவந்து, மே மாதம்தான் கடலூர் மாவட்டத்தில் எண்ணிக்கை மளமளவென ஏறியிருந்தது. மருந்துக்கடை சிரப்பிலேயே நாலு மாதம் ஓட்டினார். அக்டோபரில் சளிப் பரிசோதனை செய்தார்கள். வந்தது கொரோனா இல்லை, காசநோய்.

இவரை மாதிரி எத்தனை பேர் என்று தேடினேன். இந்தியாவில் 2019ல் அரசிடம் பதிவான காசநோயாளிகள் 24.04 லட்சம். 2020ல் 18.05 லட்சம். ஒரே வருஷத்தில் 25 சதவீதம் குறைவு!

நல்ல செய்திதானே? இல்லை. என் வேலையில் ஒரு பாடம் உண்டு: சர்வரில் பிழைப் பதிவுகள் திடீரென நின்றுபோனால் பிழை தீர்ந்துவிட்டது என்று யாரும் சந்தோஷப்பட மாட்டோம். பதிவு செய்யும் புரோகிராமே விழுந்துவிட்டதா என்றுதான் முதலில் பார்ப்போம்.

"மாஸ்க் போட்டோம், வீட்டுக்குள்ளேயே இருந்தோம், அதனால நோயே குறைஞ்சிருக்கலாமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் காசநோய்க் கிருமி உடம்புக்குள் போன உடனே நோயாக மாறுவதில்லை. மாதங்கள், சில சமயம் வருஷங்கள்கூட ஆகும். 2020ல் நோயாளியானவர்களில் பலருக்கு கிருமி அதற்கு முன்பே தொற்றியிருக்கும். ஆக, ஊரடங்கு தொடங்கியதுமே விழுந்த பள்ளத்துக்கு மாஸ்க் காரணமாக இருக்க முடியாது. நோய் இருந்தது, கண்டுபிடிப்பதுதான் நின்றது.

ஏன் நின்றது? பஸ் ஓடவில்லை. காசநோய் ஊழியர்களில் பலர் கொரோனா பணிக்குப் போனார்கள். சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகளில் பலவும் கொரோனா பரிசோதனைக்குத் திருப்பிவிடப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேல், இரண்டு நோய்க்கும் அறிகுறி ஒன்றே: இருமல், காய்ச்சல். இருமலை மறைப்பதே தற்காப்பு என்று ஆகிவிட்டது.

2021ல் பதிவு 21.35 லட்சம், 2022ல் 24.2 லட்சம். "பழைய நிலைக்கு வந்தாச்சு" என்று இதைச் சொல்ல முடியுமா? 2019 அளவே தொடர்ந்திருந்தால் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் விடுபட்டவர்கள் சுமார் 8.7 லட்சம். 2022ல் வரிசை பழைய வேகத்துக்குத் திரும்பியது, அவ்வளவுதான். தேங்கி நின்றவர்கள் அதில் தீரவில்லை.

அவர்கள் என்ன ஆனார்கள்? சிலர் பதிவாகாமலே தனியாரிடம் சிகிச்சை எடுத்திருக்கலாம். சிலர் இறந்திருப்பார்கள். பத்து வருஷத்துக்கும் மேலாகக் குறைந்துவந்த உலகக் காசநோய் மரணங்கள் 2020ல் முதல்முறையாக ஏறின என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதிப் பேர் வீட்டில் இருமிக்கொண்டிருந்தார்கள். சிகிச்சை இல்லாத ஒருவரிடமிருந்து வருஷத்துக்கு 5 முதல் 15 பேர் வரை தொற்றலாம். கொரோனாவுக்கு எதிராக வீட்டில் அடைந்திருந்தோம். காசநோய்க்கோ காற்றோட்டமில்லாத வீடுதான் வசதி.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2020 ஆகஸ்டிலேயே, இருமலோடு வருபவருக்கு இரண்டு நோயையும் சேர்த்தே பாருங்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டியது. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்று நோய் தெரிந்தவுடனே பார்த்து, மோசமாக இருப்பவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

பெரியப்பா ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுத் தேறிவிட்டார். அடுத்த வருஷம் அதே வீட்டில் அவர் மருமகளுக்குக் காசநோய் வந்தது. அவரிடமிருந்துதான் தொற்றியதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நாலு மாதம் என் மனசை விட்டுப் போகவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான்.