‘சிங்க்’ பட்டன் இருந்தா போதுமா? டிஜே கருவிகள் மாறிய கதை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து, காதில் ஹெட்போனோடு மின்சார ரயில் ஏறும் எலெக்ட்ரானிக் இசை ரசிகருக்கு ஒருநாள் அந்த ஆசை வரும்: ‘நாமளே மிக்ஸ் பண்ணிப் பார்த்தா என்ன?’ அடுத்த கேள்வி சம்பளத்தில் கை வைக்கும். எந்தக் கருவியை வாங்குவது?

மிக்ஸிங் என்றால் என்ன?

ஒரு பாட்டு முடியும் முன்பே, தாளம் பிசகாமல் அடுத்த பாட்டை உள்ளே கொண்டுவருவதுதான். ஓடும் பாட்டு நிமிடத்துக்கு 126 துடிப்பு, அடுத்தது 120 என்றால், இரண்டாவதை 5 சதவீதம் வேகப்படுத்த வேண்டும். அதை டிஜே முதலில் ஹெட்போனில் மட்டும் கேட்பார். இரண்டும் ஒட்டியதும் மிக்சரில் மெல்லத் திறந்துவிடுவார்.

இசைத்தட்டுக் காலம்

ஊர்த் திருவிழாவில் மைக் செட்காரர்களும் இசைத்தட்டு சுழற்றியவர்கள்தான். ஆனால் ஒரு பாட்டு முடிந்த பிறகே அடுத்தது. மிக்ஸ் செய்ய இரண்டு ப்ளேயர்களும், வேகத்தை நுணுக்கமாக மாற்றும் வசதியும் வேண்டும். 1972-ல் ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வந்தது. பெல்ட் கிடையாது, மோட்டார் நேரடியாகத் தட்டைச் சுழற்றும். விரலால் நிறுத்திவிட்டு விட்டாலும் சட்டென வேகம் பிடிக்கும். அடுத்து வந்த எம்கே2 மாடலில் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டிக் குறைக்கலாம். ஒரே சிக்கல், வேகம் ஏறினால் சுருதியும் ஏறும். பாடகர் குரல் கீச்சென்று மாறிவிடும்.

சிடியும் லேப்டாப்பும்

2001-ல் பயனியர் நிறுவனத்தின் சிடிஜே-1000 வந்தது. இசைத்தட்டைப் போலவே கையால் தேய்க்கும் சக்கரம். வேகம் மாறினாலும் சுருதி மாறாத வசதி. பிறகு பென்டிரைவ் வந்தது. லேப்டாப்போடு இணைக்கும் கன்ட்ரோலரும் வந்தது. இதில்தான் ‘சிங்க்’ பட்டன்: ஒரு அமுக்கு, இரண்டு பாட்டின் வேகமும் ஒன்றாகிவிடும்.

அப்போ வேலை முடிஞ்சதா?

இல்லை. கணினித் தாளத்தில் உருவான ஹவுஸ், டெக்னோ பாடல்களில் வேகம் கடைசிவரை மாறாது. அங்கே சிங்க் கச்சிதம். ஆனால் திருவள்ளூர் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கேட்பது பெரும்பாலும் குத்துப் பாட்டும் பழைய பாட்டும்தான். அந்தக் காலப் பாடல்களை மனிதர்கள் நேரடியாக வாசித்ததால் வேகம் லேசாக ஏறி இறங்கும். மென்பொருள் போடும் கணக்கு நடுவில் நழுவும். குத்துப் பாட்டின் ஆறு எண்ணிக்கைத் தாளத்தை, நாலு எண்ணிக்கைக்குப் பழகிய மென்பொருள் சில நேரம் தப்பாகவே எடுத்துக்கொள்ளும். ஆடிக்கொண்டிருக்கும் கூட்டம் கால் தடுமாறி நிற்பது அப்போதுதான். அந்த நொடியில் பட்டன் உதவாது. வேகத்தைக் கையால் சரிசெய்யப் பழகியவர் தப்பித்துவிடுவார்.

முதலில் எதை வாங்கலாம்?

இரண்டு சேனல் கொண்ட சிறிய கன்ட்ரோலரே தொடக்கத்துக்குப் போதும். சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கிறதா, அடுத்த பாட்டை ஹெட்போனில் தனியாகக் கேட்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழகும்போது சிங்க்கை அணைத்து, திரையில் துடிப்பு எண்ணை மறைத்துவிடுங்கள். தினம் அரை மணி நேரம், இரண்டே பாட்டு.

இன்னொன்று: ஒலி மாசு விதிகள் 2000-ன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்கும் பக்கத்து வீட்டுக்காரரையும் நினைத்துப் பாருங்கள். வீட்டில் பயிற்சி என்றால் ஹெட்போனே நல்லது.