கால்நடைகளின் குருதிச் சிறுதட்டுகள்

வயல் வரம்பு உடைந்தால் கமக்காரர் முதலில் மண்கட்டியிட்டு அடைத்து, பின்னர் அதனை உறுதிப்படுத்துவர். விலங்கின் உடலிற் காயம் உண்டாகும்போதும் இவ்வாறே நிகழ்கின்றது. முதலிற் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் காயத்தை அடைக்கின்றன. பின்னர் பைபிரின் என்னும் நார்ப்பொருள் அவ்வடைப்பைப் பிணைக்கின்றது.

சிறுதட்டுகள் என்பு மச்சையிலுள்ள பெருங்கலங்களிலிருந்து பிரியும் துணுக்குகளாகும். முலையூட்டிகளில் இவற்றுக்குக் கரு இல்லை. கோழி முதலிய பறவைகளில் இத்தொழிலைச் செய்யும் கலங்களுக்குக் கரு உண்டு.

இனங்களிடையே வேறுபாடு

ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் மனிதனுக்கு ஏறத்தாழ 1½ முதல் 4 இலட்சம் சிறுதட்டுகளும், மாட்டுக்கு 1 முதல் 8 இலட்சமும், ஆட்டுக்கு 3 முதல் 6 இலட்சமும் காணப்படும். ஆட்டின் சிறுதட்டுகள் மிகச் சிறியவை; பூனையினுடையவை பெரியவை.

மனிதனின் சிறுதட்டினுள் மேற்பரப்பிற் திறக்கும் நுண்கால்வாய்கள் உள்ளன. மாட்டிலும் குதிரையிலும் இவை இல்லை. ஆதலின் மாட்டின் சிறுதட்டிலுள்ள மணிகள் நேரே வெளிச்சவ்வோடு இணைந்து தம் உட்பொருளை வெளிவிடுகின்றன. அதிரனலின் மனிதனின் சிறுதட்டுகளைத் திரளச் செய்யும். மாட்டினுடையவற்றைத் திரளச் செய்யாது. முயலின் சிறுதட்டுகளில் செரட்டோனினும் இஸ்ரமினும் மிகுதி. ஆகவே ஓரினத்தின் அளவையும் மருந்தையும் மற்றோர் இனத்துக்கு அப்படியே கொள்ளுதல் தவறாகும்.

பன்னத்தால் விளையும் கேடு

சிறுதட்டுகள் சில நாள்களே வாழ்வன. என்பு மச்சை தொழிற்படாதுவிடின் இருப்பு விரைவிற் தீர்ந்துவிடும். மலைநாட்டுப் பத்தனைகளில் வளரும் பிறேக்கன் பன்னத்தை மாடுகள் பல வாரங்கள் தின்றால் இந்நிலையே உண்டாகும். அதே பன்னம் குதிரையில் தயமின் உயிர்ச்சத்தைக் குறைத்து நரம்புகளைத் தாக்குகின்றது.

கவனிக்க வேண்டியவை

1. புல் குறைந்த காலத்திற் பன்னமுள்ள நிலத்தில் மாடுகளை மேயவிடலாகாது. பன்னத்தைத் தீனியிலோ படுக்கையிலோ சேர்த்தலும் ஆகாது.

2. காய்ச்சல், மூக்கிற் குருதி, ஈறிற் செம்புள்ளிகள், சாணத்திற் குருதி ஆகியவை காணப்படின் உடனே மிருக வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். பன்னம் தின்பது நின்ற சில வாரங்களின் பின்னரும் இவை தோன்றலாம்.

3. அத்தகைய மாட்டுக்குக் கொம்பு வெட்டுதல், காயடித்தல், காதிற் துளையிடல் ஆகியவற்றைச் செய்யலாகாது. சிறு காயமும் உயிருக்கு ஆபத்தாகும்.

4. சாதாரண காயத்தில் குருதி வடிந்தால் சுத்தமான துணியால் விடாது அழுத்திப் பிடித்தல் வேண்டும். அடிக்கடி துணியை எடுத்துப் பார்த்தால் சிறுதட்டுகள் இட்ட அடைப்புப் பெயர்ந்துவிடும்.