தாய் மரத்தடியில் பிள்ளை மரம் பிழைக்காதது ஏன்? - காடு சொல்லும் கணக்கு!

மழைக்காலத்தில் வேப்ப மரத்தடியில் பாருங்கள். கொத்துக் கொத்தாகக் கன்றுகள் முளைத்து நிற்கும். சில மாதம் கழித்துப் போனால், அவற்றில் பெரும்பாலானவை காணாமல் போயிருக்கும். 'நிழல்ல வெயில் கிடைச்சிருக்காது' என்போம். காரணம் அது மட்டும்தானா?

1970-ல் டேனியல் ஜான்சென், 1971-ல் ஜோசப் கானல் என்ற இரு விஞ்ஞானிகள், வெப்பமண்டலக் காடுகளைப் பார்த்துவிட்டுத் தனித்தனியே ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். ஒவ்வொரு மர இனத்துக்கும் அதற்கென்றே பூச்சிகளும் பூஞ்சைகளும் உண்டு. தாய் மரத்தடிதான் அவற்றுக்குப் பந்தி. அங்கே விழும் விதைகளும் கன்றுகளும் தப்புவது கடினம். தள்ளிப்போய் விழுந்தவை பிழைக்கும். தாய் மரத்தைச் சுற்றிக் காலியாகும் இடத்தில் வேறு இனம் வேரூன்றும். எந்த இனமும் காட்டை முழுசாக வளைத்துப்போட முடியாது என்பது அவர்கள் வாதம்.

2 லட்சம் மரங்களுக்குக் கணக்கு!

இதைச் சோதிக்க நல்ல இடமாக அமைந்தது பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவு. பனாமா கால்வாய்க்காக அணை கட்டியபோது, ஏரியில் மூழ்காமல் தப்பிய மலை உச்சிதான் இந்தத் தீவு. ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் இருவரும் 1980-ல் இங்கே 50 ஹெக்டேர் காட்டை அளக்கத் தொடங்கி, 1 செ.மீ. பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்தார்கள். மொத்தம் 2 லட்சத்துக்கும் மேல். சுமார் 300 இனங்கள். 1985 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுகணக்கெடுப்பு நடக்கிறது.

அதே காட்டில் 200 இடங்களில் வலை கட்டி, விழும் விதைகளை எண்ணினார்கள். பக்கத்திலேயே முளைத்த கன்றுகளையும் எண்ணினார்கள். 2000-ல் முடிவு வெளியானது. ஆராய்ந்த 53 இனங்களிலும் ஒரே கதை: விதை நெருக்கமாக விழுந்த இடத்தில், கன்றாகும் விகிதம் குறைவு. 2010-ல் வந்த இன்னோர் ஆய்வு மண்ணைச் சோதித்தது. தாய் மரத்தடி மண்ணின் நுண்ணுயிரிகள் அதே இனக் கன்றுகளைத்தான் அதிகம் நலியவைத்தன.

திருடர்கள் செய்யும் உதவி

சரி, விதையைத் தள்ளிக்கொண்டுபோய்ப் போடுவது யார்? அந்தத் தீவில் அகூட்டி என்ற கொறிவிலங்கு இருக்கிறது. முயலைவிடச் சற்றுப் பெரியது. பனை இன விதைகளைப் பிறகு தின்னலாம் என்று மண்ணில் புதைத்துவைக்கும். அதை இன்னோர் அகூட்டி திருடி, வேறிடத்தில் புதைக்கும். விதைகளில் ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, ஒரு விதை 36 முறை புதைக்கப்பட்டு, மொத்தம் 749 மீட்டர் பயணித்திருந்தது! அந்த விதை கடைசியில் ஓர் அகூட்டியின் வயிற்றுக்குத்தான் போனது. ஆனால், மறந்து விடப்படும் விதைகள் மரமாகின்றன.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த வேலையைச் செய்பவற்றில் முக்கியமானது இருவாச்சி. காட்டு ஜாதிக்காய் போன்ற பெரிய விதைகளை விழுங்கி, வேறிடத்தில் கக்கிவிடும். சின்னப் பறவைகளால் அது முடியாது.

மரம் இருந்தால் போதுமா?

வேட்டையால் விலங்குகளும் பறவைகளும் போய்விட்டால், மரங்கள் நின்றாலும் காடு மெல்லத் தேயும். பெரிய மரங்கள் பச்சைப்பசேல் என்றுதான் தெரியும். அவற்றின் பிள்ளைகள் மட்டும் இருக்காது. இந்த இழப்பு கண்ணுக்குத் தெரிவதற்கே பல பத்தாண்டுகள் ஆகும். அதனால்தான் பொறுமையான இந்தக் கணக்கெடுப்பு தேவைப்படுகிறது. நம் முதுமலையிலும் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டை இந்திய அறிவியல் கழகத்தினர் கணக்கெடுத்துவருகிறார்கள். அது வறண்ட காடு என்பதால், காட்டுத்தீயும் யானைகளும் அங்கே கணக்கை மாற்றுகின்றன.

வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிதைந்துகிடக்கும் மழைக்காட்டுத் துண்டுகளில், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் அந்த மண்ணுக்குரிய பல இனக் கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து நடுகிறார்கள். ஒரே இனத்தை வரிசையாக நட்டால் கிடைப்பது தோப்புதான்.

அடுத்த முறை உங்கள் ஊரில் மரம் நடும் விழா நடந்தால், எத்தனை கன்று என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை வகை, அவற்றில் பறவை தின்னும் பழ மரம் எத்தனை என்றும் கேளுங்கள்.