அறுபதில் தொழில்: கூட்டாளி கட்டாயமா?

பணிக்கொடை கைக்கு வந்த மாதத்தில்தான் கூட்டுக்கு அழைப்பும் வரும். "நீங்க பணத்தைப் போடுங்கண்ணா, ஓடியாடிப் பாக்க நான் இருக்கேன்" என்று ஒரு பங்காளியோ பழைய சகாவோ வந்து உட்காருவார். திருப்பூர் பனியன் கம்பெனியில் காலமெல்லாம் உழைத்துக் கீரனூர் திரும்பியவரானாலும், ஓய்வு பெற்ற வாத்தியாரானாலும், எண்ணெய்ச் செக்கு போடவோ மாவு மில் வைக்கவோ நினைத்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது.

தொழிலும் தெரிந்து கையில் முதலும் இருந்தால் கூட்டாளி கட்டாயமில்லை. ஓடியாட ஆள் வேண்டுமென்றால் சம்பளம் கொடுக்கலாம். பங்கு கொடுக்க வேண்டியதில்லை. தொழில் தொடங்குவது இளைஞர்களுக்கு மட்டுமான வேலையும் இல்லை: அமெரிக்காவில் அதிவேகமாக வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று பியர் அசூலே குழுவின் ஆய்வு சொல்கிறது. தனி ஆள் தொடங்கிய தொழில்கள் குழுவாகத் தொடங்கியவற்றைவிட நீடித்து நின்றதை கிரீன்பெர்க், மோலிக் இருவரின் ஆய்வும் காட்டியது.

துணை தேவைப்படும் இடமும் உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி எனக் குடும்பமே தோள் கொடுத்தது. அவர்கள் கொண்டுவந்தது கண் மருத்துவத் திறமை. அமைப்போ வாய்ப்பேச்சில் நிற்காமல் அறக்கட்டளையாக நின்றது. உங்களிடம் வருபவர் எதைக் கொண்டுவருகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆபத்து சட்டத்தில் இருக்கிறது. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932, பிரிவு 25-இன்படி, நிறுவனத்தின் கடன் முழுவதுக்கும் ஒவ்வொரு கூட்டாளியும் பொறுப்பு. பாதிப் பங்குதானே என்றால் கடன் கொடுத்தவர் கேட்கமாட்டார். தொழிலுக்காகக் கூட்டாளி கடனுக்குச் சரக்கு எடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போனால், மொத்தத் தொகையும் உங்கள் வீட்டு வாசலுக்கு வரலாம். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் பிரிவு 13 லாபத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும், நீங்கள் பத்து லட்சமும் அவர் ஒரு லட்சமும் போட்டிருந்தாலும் சரி. கூட்டாளிகளில் ஒருவர் இறந்தால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, பிரிவு 42 கூட்டைக் கலைத்துவிடும். வயதானவர்கள் இதைப் பேசவே கூச்சப்படுவார்கள். பேசித்தான் ஆக வேண்டும்.

எனவே கூட்டு என்றால் பத்திரம் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் பதியுங்கள். பதியாத கூட்டு, பிரிவு 69-இன்படி, பாக்கி வைத்தவர்மேல் வழக்குப் போட முடியாது. கூட்டாளிமேலும் ஒப்பந்த உரிமை கோர முடியாது. ஒரு விதிவிலக்கு உண்டு: கூட்டைக் கலைக்கவும் கலைந்த கூட்டின் கணக்குக் கேட்கவும் வழக்கு போடலாம். கணக்குக் கேட்கும் வழக்கைக் கலைந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும்.

தனியாக நடத்தவும் வழி இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தில் ஒருநபர் கம்பெனி வந்தது. தொடங்கும்போதே நியமனதாரராக ஒருவரை நியமிக்க வேண்டும். உங்களுக்குப் பின் தொழில் அவர் கைக்குப் போகும். ஆண்டுதோறும் தணிக்கைச் செலவு உண்டு. இருவர் சேர்ந்தால் 2008 சட்டப்படியான வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை பாதுகாப்பானது. ஆனால் வங்கியில் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு எதுவும் வீட்டைக் காப்பாற்றாது. குறு, சிறு தொழில் கடனில் குறிப்பிட்ட தொகை வரை வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறிக் கேட்டால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணமில்லை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியக் கடனுக்கு வயது உச்சவரம்பு இல்லை. மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

ஏற்கெனவே கூட்டில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் விலகல் அறிவிப்பை எழுத்தில் கொடுங்கள். பதிந்த கூட்டென்றால் பதிவாளருக்கும் தெரிவித்து, அரசிதழிலும் தமிழ் நாளிதழிலும் வெளியிடுங்கள். அதுவரை கூட்டாளி வாங்கும் புதுக்கடனுக்கும் நீங்கள் பொறுப்பாக நேரிடும். சமரசத்துக்கு வாய்ப்பிருந்தால் லோக் அதாலத்தை நாடலாம்; அங்கே நீதிமன்றக் கட்டணம் கிடையாது.