சைடு-பை-சைடு வண்டிகளின் நிலைப்பு மாற்றங்கள்

சைடு-பை-சைடு வண்டிகளின் நிலைப்பு மாற்றங்கள் என்பன, சாலையற்ற கரடுமுரடான தரையில் ஓடும் சைடு-பை-சைடு வண்டிகள் எளிதில் கவிழாதிருக்கவும், ஓட்டுநரின் கட்டுப்பாட்டிற்குள் இருக்கவும் அவற்றின் சக்கரங்களிலும் தொங்கலமைப்பிலும் செய்யப்படும் மாற்றங்கள் ஆகும். ஓட்டுநரும் பயணியும் அருகருகே அமர்வதால் இவ்வண்டிகள் இப்பெயர் பெற்றன. இருக்கையின் இருபுறமும் கால்களைப் போட்டு, கைப்பிடியால் திருப்பி ஓட்டும் ஏ.டி.வி. வண்டிகளைப் போலன்றி, இவற்றில் திசைமாற்றி வளையம், இருக்கைப் பட்டி, கவிழ்வுப் பாதுகாப்புக் கூண்டு ஆகியவை உண்டு.

கவிழ்வின் இயற்பியல்

வண்டி வளைவில் திரும்பும்போது சக்கரங்கள் தரையைப் பற்றி அதனை உட்புறமாக இழுக்கின்றன. வண்டியின் ஈர்ப்பு மையமோ தரையிலிருந்து உயரத்தில் உள்ளது. இதனால் வண்டியை வெளிப்புறமாகச் சாய்க்கும் திருப்புவிசை உண்டாகிறது. இதனைத் தாங்கும் திறனைத் தோராயமாக ஓர் எளிய விகிதத்தால் அறியலாம்: இடது, வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தின் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். விடை சிறியதாயின் வண்டி எளிதில் கவிழும்.

எடுத்துக்காட்டாக, சக்கர இடையகலம் 120 செ.மீ., ஈர்ப்பு மையத்தின் உயரம் 70 செ.மீ. எனக் கொண்டால் விகிதம் 0.86 ஆகும். ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. அகலப்படுத்தினால் அது 0.93 ஆக உயரும். மாறாக, அகலத்தை மாற்றாமல் ஈர்ப்பு மையத்தை 8 செ.மீ. உயர்த்தினால் 0.77 ஆகக் குறையும். டயர்களும் விற்சுருள்களும் அமுங்குவதால் உண்மையான வண்டி இக்கணக்கு காட்டுவதைவிட முன்னதாகவே கவிழும்.

மாற்றங்களின் வகைகள்

சக்கர இடைத்தகடுகள்: சக்கரத்திற்கும் அச்சுக்குடத்திற்கும் இடையே பொருத்தப்படும் தடித்த உலோகத் தகடுகள் வண்டியின் அகலத்தைக் கூட்டுகின்றன. இவற்றின் விலை குறைவு. எனினும் சக்கரத் தாங்கிகள் மீதும் ஆணிகள் மீதும் கூடுதல் சுமை விழும்.

நீண்ட தொங்கற்கைகள்: சக்கரத்தைச் சட்டகத்துடன் இணைக்கும் கைகளை நீளமானவையாக மாற்றினால் அகலமும் சக்கரத்தின் மேல்-கீழ் அசைவும் ஒருங்கே கூடும். இவற்றுடன் பொருந்தும் அச்சுத்தண்டுகளும் விற்சுருள்களும் தேவைப்படும்.

பெரிய டயர்கள்: இவை பாறைகளைக் கடக்க உதவினாலும் நிலைப்பைக் குறைக்கின்றன. 26 அங்குல டயருக்குப் பதில் 28 அங்குல டயர் பொருத்தினால் முழு வண்டியும் ஏறத்தாழ 1 அங்குலம் உயரும்.

எடைப் பரவல்: கூரைமேல் ஏற்றும் சுமை ஈர்ப்பு மையத்தை உயர்த்தும். அதே சுமையைத் தளத்தில் தாழ்வாகக் கட்டுவது செலவில்லாத மேம்பாடு ஆகும்.

குறைதிரும்பலும் மிகைதிரும்பலும்

அகலமும் உயரமும் மட்டுமே நிலைப்பைத் தீர்மானிப்பதில்லை. வளைவில் வேகம் கூடும்போது முன்சக்கரங்கள் முதலில் பிடிப்பிழந்தால், வண்டி ஓட்டுநர் எண்ணியதைவிட அகன்ற வளைவில் செல்லும். இது குறைதிரும்பல் எனப்படும். பின்சக்கரங்கள் முதலில் பிடிப்பிழந்தால் வண்டியின் பின்பகுதி வெளியே வீசப்பட்டு, வளைவு தானாகவே இறுகும். இது மிகைதிரும்பல் ஆகும். வளைவு இறுகினால் பக்கவாட்டு விசை திடீரெனக் கூடுவதால், உயரமான வண்டிகளில் மிகைதிரும்பல் கவிழ்வுக்கு வழிவகுக்கும்.

சாய்வுத் தடுப்புத் தண்டின் பங்கு இங்கு கவனிக்கத்தக்கது. இது இடது, வலது சக்கரங்களின் தொங்கலமைப்பை இணைத்து, உடற்பகுதி சாய்வதைக் குறைக்கும் முறுக்குத் தண்டாகும். ஆனால் பின்புறத்தில் மட்டும் இது விறைப்பாக இருந்தால், வளைவின் வெளிப்புறப் பின்சக்கரத்தின் மீது அதிகச் சுமை குவிகிறது. சுமை இரு மடங்கானாலும் டயரின் பிடிப்பு இரு மடங்காவதில்லை. ஆகவே பின்னச்சின் மொத்தப் பிடிப்பு குறைந்து, வண்டி மிகைதிரும்பலை நோக்கிச் செல்கிறது.

யமஹா ரைனோ

இவ்வகை வண்டிகளைப் பரவலாக்கியவற்றுள் ஒன்றான யமஹா ரைனோ 2003 ஆம் ஆண்டு அறிமுகமானது. ஐக்கிய அமெரிக்க நுகர்வோர் உற்பத்திப்பொருள் பாதுகாப்பு ஆணையம், ரைனோ 450, 660 ஆகிய மாதிரிகள் தொடர்பான 50 இற்கும் மேற்பட்ட விபத்துகளை ஆராய்ந்தது. அவற்றில் 46 பேர் இறந்திருந்தனர். மூன்றில் இரண்டு பங்கிற்கும் மேற்பட்டவை கவிழ்வுகள். அவற்றுட் பல, சமதரையில் குறைந்த வேகத்தில் திரும்பும்போது நிகழ்ந்தவையாகத் தோன்றின.

2009 மார்ச்சில் ஆணையமும் நிறுவனமும் இலவசத் திருத்தத் திட்டம் ஒன்றை அறிவித்தன. பின்சக்கரங்களுக்கு இடைத்தகடுகள் பொருத்தப்பட்டன. பின்புறச் சாய்வுத் தடுப்புத் தண்டு அகற்றப்பட்டது. சாய்வைத் தடுக்கும் உறுப்பை நீக்கிய பின் வண்டியின் உடற்பகுதி முன்னைவிடக் கூடுதலாகச் சாயும்; ஆனால் பின்சக்கரங்களின் பிடிப்பு மேம்படும். வண்டி சாய்வதும் கவிழ்வதும் ஒன்றல்ல என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

தரநிலைகள்

2014 ஆம் ஆண்டு ஆணையம் முன்மொழிந்த விதிகளில், வண்டி கவிழும் எல்லை புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.70 மடங்கிற்குக் குறையாத பக்கவாட்டு முடுக்கமாக இருக்க வேண்டும் என்றும், வண்டி குறைதிரும்பல் தன்மை உடையதாக இருக்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. 2016 இல் இத்துறையின் தன்னார்வத் தரநிலைகள் திருத்தப்பட்டன.

வரம்புகள்

அமெரிக்கக் காடுகளில் 50 அங்குல அகலத்திற்குட்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே அனுமதியுள்ள தடங்கள் பல உள்ளன. அகலப்படுத்திய வண்டிகள் அவற்றில் செல்ல இயலாது. மேலும், அகன்ற வண்டியும் மென்மணலில் பக்கவாட்டாகச் சறுக்கிச் சக்கரம் புதைந்தாலோ கல்லில் மோதினாலோ கவிழக்கூடும். எந்த மாற்றமும் இருக்கைப் பட்டிக்கு ஈடாகாது. பாதுகாப்புக் கூண்டு, அதனுள்ளேயே இருப்பவரை மட்டுமே காக்கும்.