பொன்னி போன வழி – 9: தலையில் ஏறும் படகு

கல்லணையில் காவிரி நாலாகப் பிரிந்ததைப் போன வாரமே பார்த்தாயிற்று. இந்த வாரம் வெண்ணாற்றோடு கிழக்கே இறங்குவதாகப் பேச்சு. ஆனால், தஞ்சாவூர்க்காரர்கள் காலையில் பேப்பரைப் பிரித்ததும் தேடுகிற ஊர்ப் பெயர் ஒன்று மேற்கே இழுத்துவிட்டது: பிலிகுண்டுலு.

கர்நாடகத்திலிருந்து வருகிற தண்ணீரை மத்திய நீர் ஆணையம் அளப்பது அங்கேதான். சராசரி மழை ஆண்டில் 177.25 டிஎம்சி அங்கு வந்துசேர வேண்டும் என்பது 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கு. அங்கே எத்தனை ஆயிரம் கன அடி என்பது குறுவைக்கு நாற்றங்கால் விடுகிறவருக்கு அத்துப்படி. நேரில் போய்ப் பார்த்தவரைத்தான் தேட வேண்டும்.

காரணம், காடு. அர்க்காவதி சேர்ந்த பிறகு மேகதாட்டில் பாறை இடுக்குக்குள் ஒடுங்கும் ஆறு, பிறகு இரண்டு மாநில எல்லையாக ஒகேனக்கல் நோக்கி வருகிறது. ஒரு கரை கர்நாடகத்தின் காவிரி சரணாலயம். மறுகரையில், 2014-ல் தமிழ்நாடு அறிவித்த காவிரி வடக்கு சரணாலயம். யானை, முதலை, நீர்நாய் எல்லாம் உண்டு. வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது.

இந்த ஆற்றுக்கு ஏற்ற படகு பரிசல்தான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூங்கில் பிளாச்சுகளை வட்டமாக முடைந்து, அடியில் முன்பு தோல் கட்டினார்கள். இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். தட்டையான அடி என்பதால் முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும். சுழலில் சிக்கினால் தானும் சுற்றும். துடுப்புக்காரர் முன்பக்கம் தண்ணீரை வாரி இழுத்து நேராக்குவார். பாறை மறித்தால் ஆட்கள் இறங்கி நடப்பார்கள். பரிசல், ஓட்டியவரின் தலையில் ஏறிக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் ஓர் ஆமை எழுந்து நடக்கிற மாதிரி இருக்கும்.

இதே யோசனை கிறிஸ்துவுக்கு முந்தைய ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதியதிலும் இருக்கிறது. ஆர்மீனியாவிலிருந்து பாபிலோனுக்கு வட்டமான தோல் படகில் சரக்கோடு ஒரு கழுதையும் வரும். சரக்கை விற்றதும் படகின் சட்டத்தையும் விற்றுவிடுவார்கள். எதிர்நீச்சல் போட்டுத் திரும்ப முடியாதே! தோலை மட்டும் கழுதை மேல் ஏற்றி, வந்த ஊருக்கு நடையைக் கட்டுவார்கள். ஒகேனக்கல்லில் கழுதை இல்லை. அந்த வேலையும் பரிசல்காரருக்கே.

படைத்தலைவர்களுக்கும் இதன் அருமை தெரியும். 1803 மராட்டியப் போரில் மழைக்கால ஆறுகளைக் கடக்க ஆர்தர் வெல்லெஸ்லி நம்பியது பரிசலைத்தான். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெலிங்டன்.

ஒகேனக்கல் தாண்டினால் மேட்டூர். 1934-ல் எழுந்த அணை. முழு மட்டம் 120 அடி. குறுவைக்கு ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அந்த 120 அடிக்கும் டெல்டாவுக்குமான கதையைச் சொல்லத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. அது அடுத்த வாரம். வெண்ணாறு? அதற்கடுத்த வாரம், மேட்டூர் வழிவிட்டால்.