6 இலட்சத்து 15 ஆயிரம் ரூபா பில்: பழைய காரைத் திருத்துவதா, விற்பதா?

வாப்பாவை கண்டி தேசிய வைத்தியசாலையின் கிளினிக்கிற்குக் கூட்டிக்கொண்டு போகும் வழியில்தான் அது நடந்தது. அக்குறணையிலிருந்து கட்டுகஸ்தோட்டையை நெருங்கும்போது டெஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. இழுவை குறைந்தது. பாதையோரம் காரை நிறுத்திவிட்டு, வாப்பாவை ஒரு முச்சக்கர வண்டியில் ஏற்றி அனுப்பினேன். "பேசாம இத வித்துட்டு நல்ல ஒண்டு எடு மகன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் ஏறினார்.

என்னுடையது 2012ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா. நம் ஊர்களில் வீதிக்கு வீதி காணக்கூடிய கார். ஹைபிரிட் பட்டரி போய்விட்டது என்று கராஜில் சொன்னார்கள். இதே செய்தியைக் கேட்டு, விற்பதா திருத்துவதா என்று தூக்கமிழந்த பலரை எனக்குத் தெரியும். நான் பிழையாகச் செய்ததையும் பிறகு சரியாகச் செய்ததையும் எழுதினால் யாருக்காவது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் பிழை. பட்டரி முழுவதையும் மாற்றத் தேவையில்லை, பழுதான ஒரு பகுதியை மட்டும் மாற்றினால் போதும் என்றார் முதல் கராஜ்காரர். 65,000 ரூபா. சந்தோஷமாகக் கொடுத்தேன். நான்கு மாதத்தில் அதே சிவப்பு முக்கோணம் மீண்டும் எரிந்தது.

காரணம் பின்னர்தான் விளங்கியது. அக்வாவின் ஹைபிரிட் பட்டரி என்பது ஒரே பட்டரி அல்ல. தலா 7.2 வோல்ட் கொண்ட 20 சிறு பட்டரிகளை வரிசையாக இணைத்து 144 வோல்ட் ஆக்கியிருக்கிறார்கள். இருபதும் ஒரே நாளில் வேலையைத் தொடங்கியவை, ஒரே சூட்டில் வெந்தவை. ஒன்று செத்துவிட்டது என்றால் மற்றவையும் கிழடு தட்டிவிட்டன என்றே பொருள். அதற்குள் பலமான ஒன்றைப் புதிதாகச் செருகினால் பலவீனமானவை அடுத்தடுத்து விழத் தொடங்கும். 65,000 ரூபாவுக்கு நான் வாங்கியது நான்கு மாத அவகாசம் மட்டுமே.

இரண்டாவது தடவை வேறொரு பாஸிடம் போனேன். உதிரிப்பாகம் விற்காத, ஸ்கேன் செய்து பார்ப்பதற்கு மட்டும் காசு எடுக்கும் இடம் அது. இதை எல்லோருக்கும் சொல்வேன்: நோயைச் சொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒருவராக இருந்தால், இன்னொருவரிடமும் ஒருமுறை காட்டுங்கள். அவர் காரைத் தூக்கி அடியிலிருந்து பார்த்துவிட்டு முழுப் பட்டியலையும் தந்தார். புதிய பட்டரி 4 இலட்சத்து 40 ஆயிரம். பட்டரியைக் குளிராக்கும் காற்றாடி, முன்பக்க ஷொக் அப்சோபர், பிரேக் வேலை, கூலி எல்லாம் சேர்த்து மொத்தம் 6 இலட்சத்து 15 ஆயிரம் ரூபா.

அன்றிரவு வீட்டில் பெரிய மஷூரா. மச்சான் விற்கச் சொன்னார். மனைவி கணக்குப் பார்க்கச் சொன்னாள். மறுநாள் காலையில் ஒரு தரகர் வந்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

திருத்தச் செலவு காரின் பெறுமதியில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடு என்று வெளிநாடுகளில் ஒரு பொது விதி சொல்வார்கள். அந்த விதி நமது நாட்டில் வேலை செய்யாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதிலும் வரி மலைபோல் இருக்கிறது. இதனால் பதின்மூன்று, பதினான்கு வயதுக் காருக்கும் இங்கே அரைக் கோடிக்கு மேல் விலை சொல்கிறார்கள். பாதி விதியைப் பார்த்தால் நான் 29 இலட்சம் வரை செலவழிக்கலாம்! புத்தியுள்ள எவரும் அதைச் செய்யமாட்டார். ஆக, "கார் எவ்வளவு பெறும்?" என்பது தவறான கேள்வி. "இந்தக் காசுக்கு எனக்கு எத்தனை மாத நிம்மதியான ஓட்டம் கிடைக்கும்? அதே ஓட்டத்தை வேறு வழியில் பெற எவ்வளவு ஆகும்?" என்பதுதான் சரியான கேள்வி.

கொப்பியை எடுத்து இரண்டு பக்கம் எழுதினேன்.

முதல் பக்கம், விற்பது. நல்ல நிலையில் என் காருக்கு 58 இலட்சம் சொல்லலாம். பட்டரி போய்விட்டது என்று சொல்லி விற்றால் 50க்குத்தான் கேட்டார்கள். கவனியுங்கள், திருத்தச் செலவு 6 இலட்சம், ஆனால் குறைப்பது 8 இலட்சம். பழுதின் விலையோடு தன் பயத்தின் விலையையும் வாங்குபவர் சேர்த்துக் கழிக்கிறார். நான் பார்த்த அடுத்த கார் 85 இலட்சம். கையில் 2 இலட்சம் இருந்தது. மீதி 33 இலட்சத்துக்கு லீசிங். எனக்குச் சொல்லப்பட்ட வீதத்தில் 5 வருடத்துக்கு மாதம் ஏறத்தாழ 76,800 ரூபா. மொத்தம் 46 இலட்சம் கட்டவேண்டும். அதில் 13 இலட்சம் வட்டி. கிட்டத்தட்ட மூன்று புதிய பட்டரியின் விலை.

இரண்டாம் பக்கம், திருத்துவது. 6 இலட்சத்து 15 ஆயிரத்தை மூன்று வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 17,000 ரூபா சொச்சம். இடையில் இன்னும் 3 இலட்சம் செலவு வரும் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 25,500ஐத் தாண்டாது.

லீசிங் முடிந்தபின் கையில் ஒரு புதுசான கார் இருக்குமே என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்வி. உண்மைதான், காரின் பெறுமதி நம்மிடம் இருக்கும். ஆனால் வட்டி திரும்பி வராது. அதைவிடப் பெரிய விடயம், அந்த வட்டியில் நாம் கையெழுத்து வைக்கிறோம் என்பது. ஹராமான வட்டியைப் பற்றி ஜும்ஆவில் கேட்டு அழுதுவிட்டு, திங்கட்கிழமை லீசிங் கந்தோரில் போய் உட்கார்கிறோம். வட்டியில்லா இஜாரா முறையில் வாகனம் தரும் நிறுவனங்களும் நமது நாட்டில் உள்ளன. உண்மையாகவே புதிய வாகனம் தேவைப்படுபவர்கள் உலமாக்களிடம் கேட்டு அந்த வழியைப் பார்க்கட்டும். ஆனால் எந்த முறையாக இருந்தாலும் மாதத் தவணை மாதத் தவணைதான். வியாபாரம் மந்தமான மாதத்திலும் அது வாசலில் நிற்கும்.

கணக்கு இப்படி வந்தாலும், திருத்துவதற்கு முன் இன்னும் மூன்று விடயங்களைப் பார்க்கவேண்டும்.

ஒன்று, காரின் உடம்பு. எஞ்சினையும் பட்டரியையும் மாற்றலாம், உக்கிப்போன அடித்தட்டை மாற்றுவது இலேசல்ல. என் நானாவிடம் ஒரு பழைய லேன்சர் இருந்தது. பிங்கா ஓயா பெருக்கெடுத்து அக்குறணை டவுனுக்குள் தண்ணீர் வந்தபோது இரண்டு தடவை அது நனைந்தது. முதலில் ரேடியேட்டர், பிறகு ஹெட் காஸ்கட், பிறகு ஸ்டார்ட்டர் என்று நானா செலவழித்துக்கொண்டே போனார். வெள்ளத்தில் நனைந்த வயர்கள் உள்ளுக்குள் துருப்பிடித்து, இன்று ஒரு இடம் நாளை ஒரு இடம் என்று காட்டிக்கொண்டே இருந்தன. கடைசியில் இரும்பு விலைக்குப் போனது. வெள்ளம் கண்ட கார், பெரிய விபத்தில் சேசி வளைந்த கார், அடித்தட்டு உக்கிய கார், இந்த மூன்றிலும் பெரிய காசைப் போடாதீர்கள்.

இரண்டு, பழுது வந்த காரணம். வயதினால் தேய்ந்ததா, கவனிப்பின்மையால் கெட்டதா? அக்வாவின் பட்டரி பின் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது. அதற்குக் காற்று போகும் வலை ஆசனத்தின் ஓரத்தில் உள்ளது. என் காரில் அந்த வலையைக் கழற்றியபோது பஞ்சும் தூசியும் கம்பளிபோல் அடைத்திருந்தன. காற்றுப் போகாவிட்டால் பட்டரி சூடாகும், சூடு அதன் ஆயுளைக் குறைக்கும். பல வருடமாக நான் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. காரணத்தைச் சரிசெய்யாமல் பாகத்தை மட்டும் மாற்றினால் புதிய பட்டரியும் அதே வழியில்தான் போகும்.

மூன்று, கொடுத்து முடிந்த காசை மறப்பது. "ஏற்கனவே 65,000 போட்டுவிட்டேனே, இப்போது எப்படி விற்பது?" என்ற எண்ணம் எனக்கும் வந்தது. போனது போனதுதான். இனிப் போடப்போகும் காசுக்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டுமே பார்க்கவேண்டும். நானாவை அந்த லேன்சரில் கட்டிப்போட்டதும் இந்த எண்ணம்தான்.

இனி அந்தத் தரகர். நல்ல மனிதர், சிரித்த முகம். "நானா, கம்பியூட்டர்ல கோட அழிச்சிட்டா லைட் வராது. ரெண்டு மூணு நாளைக்கு ஓடும். அதுக்குள்ள 58க்கு நான் வித்துத் தாறன்" என்றார். ஒரு நிமிடம் மனம் ஆடியது என்பதை மறைக்க விரும்பவில்லை. 8 இலட்சம் சின்னக் காசா?

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு உணவுக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்கள் நனைந்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று நபியவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். அழிக்கப்பட்ட கோடும் அந்தக் குவியலுக்குள் மறைத்த ஈரம்தானே? வாங்கும் மனிதரும் ஒருநாள் தன் வாப்பாவை ஏற்றிக்கொண்டு போவார். பாதையோரம் நிற்கப்போவது அவர். குறையை மறைத்து விற்றால் வாங்கியவருக்குப் பொருளைத் திருப்பித்தரும் உரிமை உண்டு என்பது ஃபிக்ஹ் சட்டம். அது ஆடு மாட்டுக்கு மட்டும் உள்ள சட்டம் அல்ல.

இதே தந்திரம் நமக்கும் நடக்கலாம். பழைய ஹைபிரிட் கார் வாங்கப் போகிறவர்கள், குறைந்தது அரை மணி நேரம் ஏசி போட்டு, முடிந்தால் மலைப்பாதையில் ஓட்டிவிட்டு, அதன் பின்னர் ஸ்கேன் செய்யுங்கள். நின்ற இடத்தில் செய்யும் ஸ்கேன் போதாது. பின் ஆசனத்துக்குக் கீழும், கம்பளத்துக்குக் கீழும் சேற்று மணம் வருகிறதா என்றும் பாருங்கள்.

நான் திருத்தினேன். புதிய பட்டரிக்கு எழுத்தில் உத்தரவாதம் வாங்கினேன், கழற்றிய பழையதைக் கண்ணால் பார்த்தேன். பணத்துக்கு மனைவியின் சீட்டுக் காசும் சேர்ந்தது. கொப்பியின் கடைசியில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: மூன்று வருடத்துக்குள் இன்னும் 3 இலட்சத்துக்கு மேல் செலவு வந்தால், எல்லாக் குறையையும் சொல்லி விற்றுவிடுவது. அந்தக் கோட்டைத் திருத்தத்துக்கு முன்னரே போட்டுவிட வேண்டும். பிறகு போட மனம் வராது.

எட்டு மாதமாகிறது. இடையில் ஏசிக்கு 28,000 போனது, கொப்பியில் எழுதிவிட்டேன். எல்லோருக்கும் திருத்துவதுதான் சரி என்று நான் சொல்லவில்லை. நானாவுக்கு முதல் பில்லிலேயே விற்பதுதான் சரியாக இருந்திருக்கும். ஊருக்காகவும் கல்யாண வீட்டு வாசலில் நிறுத்துவதற்காகவும் அல்லாமல், தேவையைப் பார்த்து, காசைப் பார்த்து, ஆகிரத்தையும் பார்த்து முடிவெடுத்தால் எந்த முடிவிலும் பரகத் உண்டு.

போன மாதக் கிளினிக்குக்கும் வாப்பாவை இதே காரில்தான் கூட்டிப் போனேன். கட்டுகஸ்தோட்டையைத் தாண்டும்போது அவர் டெஷ்போர்டை எட்டிப் பார்த்தார். எந்த லைட்டும் எரியவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.